22 எழுத்துக்குள் ஓர் ஆள்

கணினியும் மின்னிசையும் தன் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டு இணையத்தில் நுழையும் ஒருவரிடம் இன்று முதலில் நீட்டப்படுவது ஒரு படிவம். பெயர், ஊர், வயது, ஆர்வங்கள், பிறகு 'உங்களைப் பற்றி' இரண்டு வரி. ஆளைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் செய்த இசைக்குப் போகிறோம். பல வேளைகளில் போவதே இல்லை. இந்த வரிசை தலைகீழாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1980களின் பின்பாதியிலும் 1990களிலும் ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஃபின்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் கமடோர் 64, அமிகா என்ற வீட்டுக் கணினிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பதின்வயதினர் தம்மைப் பற்றித் தனியாக எதையும் எழுதி வைக்கவில்லை. செய்த பொருளுக்குள்ளேயே தம் பெயரை ஏற்றி அனுப்பினார்கள். பொருள் ஊர் ஊராகப் போயிற்று. பெயரும் கூடவே போயிற்று. அவர்கள் உருவாக்கிய உலகத்துக்கு 'டெமோசீன்' என்று பெயர். அதில் இசைக்கோப்பு ஒன்றின் தலைப்பகுதியில் வேலையில்லாமல் கிடந்த ஒரு சிறு இடம் எப்படி அறிமுகச் சீட்டாக மாறியது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் கருவிகள். 1982இல் வந்த கமடோர் 64 கணினியில் மொத்த நினைவகமே 64 கிலோபைட்தான். ஆனால் அதற்குள் பாப் யானஸ் வடிவமைத்த 'சிட்' என்ற ஒலிச்சிப் இருந்தது. மூன்று குரல்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு அலைவடிவங்கள், ஒரு ஃபில்டர். விளையாட்டுச் சாமான் என்ற பெயரில் ஒரு சின்தசைசரே வீட்டுக்குள் வந்துவிட்டது. யானஸ் பிற்பாடு என்சோனிக் என்ற இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார் என்பதிலிருந்தே அவருடைய மனம் எங்கே இருந்தது என்று தெரிகிறது. பிரிட்டனின் ராப் ஹப்பர்ட் அந்தச் சிப்பை நேரடியாக அசெம்பிளி மொழியில் ஆட்டிவைத்து, 'மான்ட்டி ஆன் த ரன்', 'கமாண்டோ' போன்ற 1985ஆம் ஆண்டு விளையாட்டுகளுக்கு இசை போட்டார். விளையாட்டை ஆடாமல் இசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் உருவானார்கள். மறு ஆண்டே ஜெர்மனியின் கிறிஸ் ஹ்யூல்ஸ்பெக் 'சவுண்ட்மானிட்டர்' என்ற இசை எழுதும் நிரலைச் செய்தார். '64'அர்' என்ற கணினி இதழ் அதைப் பக்கம் பக்கமாக எண்களாய் அச்சிட்டது. வாசகர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றிக்கொண்டார்கள். இசை செய்ய நிரல் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அத்தோடு தளர்ந்தது.

அறிமுகம் பிறந்த இடம் அவ்வளவு யோக்கியமான இடமல்ல. அதை மறைப்பதற்கில்லை. கடையில் விற்ற விளையாட்டுகளின் நகல்தடுப்பை உடைத்துப் பரப்பியவர்கள், உடைத்தது தாங்கள்தான் என்று காட்ட, விளையாட்டு தொடங்குமுன் ஒரு சிறு முன்காட்சியைச் செருகினார்கள். பெரிய எழுத்தில் குழுவின் பெயர், ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இசை, திரையின் அடியில் வலமிருந்து இடமாக நகரும் வாசகம். சில ஆண்டுகளில் முன்காட்சி விளையாட்டைவிடச் சுவையாகிப்போனது. உடைப்பு வேலையை விட்டுவிட்டு முன்காட்சியை மட்டும் செய்பவர்கள் வந்தார்கள். டெமோ என்ற கலைவடிவம் அப்படிப் பிரிந்து வந்ததுதான்.

அந்த ஓடும் வாசகத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கமடோர் 64இன் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்து. ஓர் எழுத்தின் அகலம் 8 புள்ளி. திரை முழுவதையும் 7 புள்ளி வரை பக்கவாட்டில் நகர்த்தும் வசதி படச்சிப்பிலேயே உண்டு. எட்டாவது புள்ளியில் எழுத்துகளை ஓர் இடம் தள்ளிவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நகர்த்த வேண்டும். ஐரோப்பியத் தொலைக்காட்சியில் திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி நகர்ந்தால் நொடிக்கு ஆறு எழுத்துக்குச் சற்று மேல். ஆக ஆயிரம் எழுத்துள்ள வாசகம் ஓடி முடிய 160 நொடி. வாசிப்பவர் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது; தவறவிட்ட சொல்லுக்காகத் திரும்பிப்போகவும் முடியாது. ஒருவன் தன்னைப் பற்றிப் பேசுவதை ஏறத்தாழ மூன்று நிமிடம் பொறுத்துக்கொள்ள வைக்க வேண்டுமென்றால், அந்த மூன்று நிமிடமும் இசை நன்றாக இருந்தாக வேண்டும். இசை வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் ஆளும் வெறும் பெயராகவே நின்றிருப்பான்.

வாசகத்தில் என்ன இருக்கும்? பெரும்பாலும் தற்பெருமை. இந்த நிரலை எழுதியது யார், இசை யாருடையது, எத்தனை மணிக்கு இதைத் தட்டிக்கொண்டிருக்கிறான், எந்தக் குழு தன் வேலையைத் திருடியது, எவன் கற்றுக்குட்டி. படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நன்னூல் இதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது என்பது என் எண்ணம். தன்னைத்தானே புகழ்வது தகாது என்று சொல்லிவிட்டு, புலவனுக்கு நான்கு இடங்களில் விலக்கு அளிக்கிறார் பவணந்தியார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே இருக்கும்போது, அவையில் வென்றாக வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்தபோது. அரசவை ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் இந்தப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும். முகம் தெரியாதவர் கைக்குப் போகும் வட்டு, யார் சிறந்தவர் என்ற ஓயாத போட்டி, எதிர்க்குழுவின் ஏச்சு. தற்பெருமை இல்லாமல் அங்கே பேச வழியே இல்லை.

தற்பெருமையைவிட ஆளை அதிகம் காட்டிக்கொடுத்தது வாழ்த்துப் பட்டியல்தான். வாசகத்தின் பின்பகுதியில் நட்புக் குழுக்களின் பெயர்கள் வரிசையாக வரும். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் முதலில் வருகிறது, போன டெமோவில் இருந்த பெயர் இதில் ஏன் இல்லை என்பதையெல்லாம் கண்கொத்திப் பாம்பாகப் படித்தார்கள். வம்பு வேண்டாம் என்று வரிசைக்கு எந்த அர்த்தமும் இல்லை எனச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறவர்களும் உண்டு. 'நான் இன்னார்' என்பதை 'எனக்கு இன்னாரைத் தெரியும்' என்று சொல்கிற முறை இது. தன்னைப் பற்றிய நூறு சொல்லைவிட இந்தப் பட்டியல் நம்பத்தகுந்தது. ஏனென்றால் பொய்யாக வாழ்த்தினால் வாழ்த்தப்பட்டவனே கேலி செய்துவிடுவான்.

பெயரும் தானே வைத்துக்கொண்டதுதான். உடைப்பு சட்டவிரோதம் என்பதால் தொடங்கிய புனைபெயர்ப் பழக்கம், சட்டப்படி நடப்பவர்களிடமும் தங்கிவிட்டது. நம்மூரில் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்து நிற்பதுபோல, அங்கே பெயருக்குப் பின்னால் சாய்கோடு இட்டுக் குழுவின் பெயர் நின்றது. குழுவை விட்டால் பின்பாதி மாறும், முன்பாதி மாறாது. 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய ஃபேர்லைட் என்ற குழு, ழான் மிஷேல் ழார் தம் இசைத்தட்டுகளில் பயன்படுத்திய ஃபேர்லைட் சின்தசைசரிலிருந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். கணினி உடைப்பவர்களின் கொடியில் ஓர் இசைக்கருவியின் பெயர்.

இதெல்லாம் தபாலில் நடந்தது. வட்டுகளை உறையில் போட்டு நாடு நாடாக அனுப்புவதற்கென்றே ஒவ்வொரு குழுவிலும் ஓர் ஆள் இருந்தான். வாசகத்தின் நடுவே அவனுடைய முகவரி வரும். ஜெர்மனியில் பெயரே இல்லாமல் எண்ணை மட்டும் காட்டித் தபால் நிலையத்தில் கடிதம் வாங்கிக்கொள்ளும் அட்டை ஒன்று அப்போது இருந்தது; காவல்துறையைத் தவிர்க்க விரும்பியவர்களுக்கு அது தோதாக இருந்தது. அஞ்சல்தலைச் செலவு பெரிது. ஆகவே தலையின் மேல் பசையைப் பூசி அனுப்புவார்கள். முத்திரை மை பசையின் மேல் விழும். பெற்றவன் கழுவித் திருப்பி அனுப்பினால் அதே தலை மறுபடி ஓடும். தலைகளைத் திருப்பி அனுப்பு என்ற கோரிக்கை அந்தக் காலத்துக் கடிதங்களில் சர்வசாதாரணம்.

இனி 22 எழுத்து. அமிகா 1985இல் வந்தது. அதன் ஒலிச்சிப்பான பாலா, பதிவு செய்த ஒலித்துண்டுகளை ஒரே நேரத்தில் நான்கு சேனல்களில் ஒலிக்கும். 1987இல் ஜெர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' என்ற நிரலை எழுதினார். நான்கு செங்குத்துப் பத்திகள். பத்திக்கு 64 வரி. ஒவ்வொரு வரியிலும் சுரத்தின் எழுத்து, ஒலித்துண்டின் எண், ஒரு கட்டளை. வரிகள் மேலிருந்து கீழாக ஓட, இசை ஒலிக்கும். கடையில் அது பெரிதாக விலைபோகவில்லை. ஆனால் வாங்கியவர்கள் அதைப் பிரித்து மேய்ந்து, திருத்தி, ஆளுக்கொரு பதிப்பாக வெளியிட்டார்கள். மஹோனி, காக்டஸ் என்ற இரண்டு ஸ்வீடன் இளைஞர்களின் 'நாய்ஸ்டிராக்கர்' 1989இல் வந்தது. 'புரோடிராக்கர்' மறு ஆண்டில். 'டிராக்கர்' எனப்பட்ட இந்த நிரல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக நிலைத்தது 'மாட்' என்ற கோப்பு வடிவம்.

ஒபார்ஸ்கியின் முதல் பதிப்பில் பாட்டு வேறு, ஒலித்துண்டுகள் வேறு. துண்டுகள் 'எஸ்டி-01' போன்ற தனி வட்டுகளில் இருக்கும். பாட்டைத் திறந்தால் எந்த வட்டிலிருந்து எந்தத் துண்டை எடுக்க வேண்டும் என்று நிரலுக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு துண்டுக்கும் 22 பைட் நீளமுள்ள பெயர்க்கட்டம். அதாவது அது பெயர்கூட அல்ல, விலாசம். பின்வந்த பதிப்புகள் ஒலித்துண்டுகளையும் பாட்டோடு சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டிவிட்டன. துண்டு கோப்புக்குள்ளேயே இருக்கும்போது விலாசம் எதற்கு? கட்டத்துக்கு வேலை போய்விட்டது. இடம் மட்டும் அப்படியே நின்றது. 15 துண்டுகளாக இருந்தது 31 ஆகப் பெருகியபோது இடமும் பெருகியது. மாட் கோப்பின் தலைப்பகுதி மொத்தம் 1084 பைட். அதில் 31 பெருக்கல் 22, அதாவது 682 பைட், இந்தப் பெயர்க்கட்டங்கள். பாதிக்கு மேல்! பாட்டின் தலைப்புக்கே 20 பைட்தான். தலைப்பகுதியின் கடைசி நான்கு பைட்டில் 'எம்.கே.' என்ற குறி நிற்கும். மஹோனி, காக்டஸ் என்று அதை விரிப்பவர்கள் பலர். வேறொரு நிரலாளரின் முதலெழுத்து என்பவர்களும் உண்டு. எப்படியானாலும், கோடிக்கணக்கான முறை நகலெடுக்கப்பட்ட ஒரு வடிவத்தின் அடையாளக் குறியே யாரோ ஒருவருடைய கையெழுத்துதான்.

நான்கு சேனலில் பாட்டுக் கட்டுகிறவனுக்கு 31 துண்டும் தேவைப்படுவதில்லை. மிஞ்சிய கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். அவற்றில் எழுதத் தொடங்கினார்கள். முதல் வரியில் பாட்டின் பெயர், அடுத்ததில் இசைத்தவனின் புனைபெயரும் சாய்கோடும் குழுவும், பிறகு ஒரு வெற்று வரி, பிறகு வட்டு மாற்றிக்கொள்ள முகவரி, நாட்டின் பெயர், கடைசியில் இரண்டு மூன்று பேருக்கு வாழ்த்து. இது துண்டின் பெயர் அல்ல, செய்தி என்று காட்ட வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி போடும் வழக்கம்கூட வந்தது. ஒலித்துண்டு இருக்கும் கட்டத்தில்கூட 'பேஸ்', 'ஸ்நேர்' என்று எழுதாமல் செய்தியின் ஒரு வரியை எழுதிவிடுவார்கள். எனவே பட்டியலில் எது கருவி, எது வாக்கியம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. தாளத்தட்டின் ஒலி இருக்கும் கட்டத்தில் ஒருவனுடைய ஊர் இருக்கும்.

இதன் நுட்பம் எனக்கு இரண்டு விதமாகப் படுகிறது. ஒன்று, இதைப் பாட்டு கேட்பவர் யாரும் பார்க்க மாட்டார். கோப்பை டிராக்கரில் திறந்து, இவன் எப்படிச் செய்தான் என்று உள்ளே நோண்டுகிறவர் மட்டுமே பார்ப்பார். ஆக அறிமுகம் ஊருக்கு அல்ல. தன்னைப்போலவே இசை செய்கிற இன்னொருவருக்கு. தேர்வு தானாகவே நடந்துவிடுகிறது. இரண்டாவது, 22 எழுத்துக்குள் வாக்கியத்தை முடிக்க முடியாது. உடைக்க வேண்டும். எங்கே உடைப்பது என்று யோசித்தவன் சொல்லையும் எண்ண ஆரம்பித்துவிடுகிறான். ஓடும் வாசகத்தில் வாய் ஓயாமல் பேசியவர்கள் இங்கே சுருக்கமாகப் பேசினார்கள்.

பிசி கணினிக்கு வந்த டிராக்கர்களும் இந்தக் கட்டத்தை விடவில்லை. ஃபின்லாந்தின் ஃப்யூச்சர் குரூ குழுவினர் செய்த 'ஸ்கிரீம் டிராக்கர் 3' அதை 28 எழுத்தாக்கியது. ஸ்வீடனின் டிரைட்டன் குழு செய்த 'ஃபாஸ்ட்டிராக்கர் 2' 22இலேயே நின்றது. ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி லிம் எழுதி 1995இல் வெளிவந்த 'இம்பல்ஸ் டிராக்கர்' செய்திக்கென்றே தனிப் பக்கம் ஒன்றைக் கொடுத்தது. ஏறத்தாழ 8000 எழுத்து வரை எழுதலாம். பலர் அதன் பிறகும் ஒலித்துண்டுப் பட்டியலிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். தனிப் பக்கத்தில் எழுதியவர்கள் வளவளவென்று எழுதினார்கள் என்பது என் மதிப்பீடு. தொலைபேசி வழியே இணையும் பிபிஎஸ் நிலையங்களில் கோப்போடு வைக்கப்பட்ட விவரக் குறிப்பும் இதே வம்சம்தான்: பத்து வரி, வரிக்கு 45 எழுத்து.

ஆனால் கட்டத்தில் எழுதிய பெயர் உரிமைப் பத்திரம் ஆகாது. அதே டிராக்கரில் திறந்து அழித்துவிட்டு வேறு பெயரை எழுத ஒரு நிமிடம் போதும். பெயர் எவ்வளவு பலவீனமானது என்பதைப் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து ஒரு வழக்கு காட்டியது. 'டெம்பெஸ்ட்' என்ற புனைபெயர் கொண்ட ஃபின்லாந்தின் யான்னே சூனி, 'ஆசிட்ஜாஸ்டு ஈவ்னிங்' என்ற நான்கு சேனல் அமிகா இசையால் அசெம்ப்ளி 2000 என்ற டெமோ விழாவில் பழைய பாணி இசைப் போட்டியை வென்றார். நார்வேயின் க்ளென் ரூனெ காலெஃபோஸ், கமடோர் 64இன் சிட் சிப்புக்கு அதை மாற்றி அமைத்தார். 2002இல் 'வாண்டலிசம் நியூஸ்' என்ற ஆஸ்திரேலிய வட்டு இதழில் அது வெளிவந்தது. பாடகி நெல்லி ஃபர்டாடோவின் 'டூ இட்' பாடலில் இசைத் தயாரிப்பாளர் டிம்பலாண்ட் அந்த இசையைத்தான் எடுத்து வைத்திருக்கிறார் என்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்கள் 2007இல் கொதித்தெழுந்தார்கள். உரிமையைப் பெற்றிருந்த ஃபின்லாந்து நிறுவனம் கெர்னல் ரெக்கார்ட்ஸ், ஃப்ளோரிடாவில் வழக்குத் தொடுத்தது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைத் தள்ளிவிட்டது. இசை எடுக்கப்பட்டதா என்ற கேள்வியில் அல்ல வழக்கு முடிந்தது. அமெரிக்காவில் பதிவு செய்யப்படாத படைப்பு முதலில் எங்கே, எந்த வழியில் வெளியானது, இணையத்திலா வட்டிலா, அது அமெரிக்கப் படைப்பாகக் கணக்கிடப்படுமா என்ற கேள்விகளில் முடிந்தது. வட்டு இதழ் என்றால் என்ன என்று நீதிமன்றத்துக்குப் புரியவைக்கும் சான்று போதவில்லை. யார் செய்த இசை என்று அந்த உலகத்தில் அனைவருக்கும் தெரியும். வெளியே அந்தத் தெரிதலுக்கு மதிப்பில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இது பெரும்பாலும் பையன்களின் உலகம். பெண்கள் அரிது. வாழ்த்துப் பட்டியலில் இடம் பிடிக்காதவன் வெளியாள். அவனுக்கென்று வசைச்சொற்கள் இருந்தன. படிவத்தில் யாரும் சேரலாம்; இங்கே எதையாவது செய்து காட்டாதவன் சேர முடியாது. அந்தக் கறார்தான் இசையின் தரத்தை உயர்த்தியது, அதே கறார்தான் பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. இரண்டையும் ஒருசேர ஒப்புக்கொள்ளாமல் அந்தக் காலத்தை வியப்பது சரியல்ல.

புனைபெயர்கள் பின்னால் நிஜப்பெயர்களாயின. 'செகண்ட் ரியாலிட்டி' என்ற 1993ஆம் ஆண்டு டெமோவுக்கு இசையமைத்த 'ஸ்கேவன்' பிற்பாடு பீட்டர் ஹய்பா என்ற சொந்தப் பெயரில் 'பிஜுவல்டு' விளையாட்டுக்கு இசை தந்தார். கூட இசைத்த 'பர்ப்பிள் மோஷன்', யொன்னே வால்டோனன் என்ற பெயரில் விளையாட்டு இசையை முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதுபவரானார். டென்மார்க்கின் யெஸ்பர் கிட் அமிகா டெமோக்களிலிருந்து 'ஹிட்மேன்' விளையாட்டுகளுக்குப் போனார். பெயரைத் தொலைத்தவர்களும் ஏராளம். கமடோர் 64 இசையை ஐம்பதாயிரத்துக்கும் மேல் திரட்டி வைத்திருக்கும் 'ஹை வோல்ட்டேஜ் சிட் கலெக்ஷன்' தொகுப்பில், ஒவ்வொரு கோப்பிலும் பாட்டுக்கு 32 எழுத்து, ஆசிரியருக்கு 32 எழுத்து, வெளியீட்டு விவரத்துக்கு 32 எழுத்து. ஆசிரியர் கட்டத்தில் நிஜப்பெயரை எழுதி, புனைபெயரை அடைப்புக்குறிக்குள் வைக்கிறார்கள். முன்பு முகமூடி பெரிதாகவும் முகம் மறைந்தும் இருந்தது. தொகுப்பாளர்கள் வரிசையை மாற்றிவிட்டார்கள். யாரென்றே தெரியாதவர்களுக்கு அந்தக் கட்டத்தில் வெறும் கேள்விக்குறி.

ஃபின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் டெமோசீனைத் தத்தம் நாட்டின் பருவடிவற்ற பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. பட்டியலில் இடம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் பாதுகாக்க வேண்டியது திரையில் ஓடிய காட்சிகளை மட்டுமல்ல, இந்தக் கட்டங்களையும்தான். மாட் கோப்பை எம்பி3 ஆக மாற்றிக் கேட்கும் இன்றைய வழக்கத்தில் ஒலி தப்பிவிடும். 682 பைட்டும் போய்விடும். இணையத்தில் இந்தக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. விஎல்சியிலேயே ஓட்டிக் கேட்கலாம். ஆனால் 'ஓப்பன் எம்பிடி' என்ற இலவச நிரலில் ஒருமுறை திறந்து, ஒலித்துண்டுப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள்; எழுதியவர் யாரை நினைத்துக்கொண்டு எழுதினாரோ அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.